சனி எந்த ராசியில்? பஞ்சாங்கமும் வானமும்: வாசகர் கேள்வி பதில்

பஞ்சாங்கம், கிரகணம், பெயர்ச்சி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்கிறது ஒரு பஞ்சாங்கம். 2026 மார்ச் 6 என்கிறது இன்னொன்று. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. பதினோரு மாதம் எப்படி ஐயா மாறும்? வீட்டில் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. எது சரி?
– கும்பகோணம் வாசகர்

பதில்: முதல் தேதி திருக்கணிதம், அதாவது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. இரண்டாவது வாக்கியம், அதாவது பழைய மனப்பாட வாக்கியங்களை வைத்துப் போடும் கணக்கு. கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் உங்கள் வீட்டுச் சண்டை தீரும்.

வானத்தில் சனி எங்கே நிற்கிறது என்று கேட்டால் திருக்கணிதம் சரி. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா என்றைக்கு என்று கேட்டால் கோயில் சொல்லும் நாள் சரி. அங்கே வாக்கியம்தான் வழக்கம். 2025 மார்ச்சில் பலரும் குழம்பியபோது, விழா அந்த மாதம் இல்லை, வாக்கியப்படி 2026-இல்தான் என்று கோயில் தரப்பிலேயே அறிவித்தார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது தொலைநோக்கி. இரண்டாவதற்குக் கோயில் மரபு. ஒன்றின் பதிலை எடுத்து மற்றதன் மேல் போடுவதால்தான் வம்பு.

சித்தப்பா விடமாட்டார். "ராசி எல்லை என்று வானத்தில் கோடா போட்டிருக்கிறது? நீங்கள் ஓர் இடத்தில் கோடு போடுகிறீர்கள், நாங்கள் வேறோர் இடத்தில் போடுகிறோம்" என்பார். நியாயமான வாதம்தான். மேஷத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பது மனிதர் செய்த ஏற்பாடு. இன்று பெரும்பாலான திருக்கணிதக்காரர்கள் கையாளும் லாஹிரி அயனாம்சம் (பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் புள்ளிக்கும் மேஷத் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி), வானியற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையை ஒட்டியது. 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று நிலைநிறுத்தினார்கள் (பாகை என்பது டிகிரி, கலை அதில் அறுபதில் ஒன்று). அந்தக் கோட்டை ஒரு பாகை நகர்த்தினால் சனிப்பெயர்ச்சி ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகும், ஏனென்றால் சனி சராசரியாக ஒரு நாளைக்கு 2 கலைதான் நகர்கிறது.

ஆகவே கோடே தேவைப்படாத சோதனை ஒன்று வேண்டும். அது 2020 டிசம்பர் 21-ஆம் தேதி மாலை மேற்கு வானில் நடந்தது. குருவும் சனியும் நெருங்கி நின்றன. இடைவெளி 0.1 பாகை, அதாவது நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தன. அன்றைய வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். குரு நவம்பர் 15-ஆம் தேதியே மகரத்துக்கு வந்துவிட்டது. சனியோ டிசம்பர் 27-இல்தான் தனுசை விட்டு வருகிறது. கோட்டை எங்கே போட்டாலும், கண்ணெதிரே ஒட்டி நிற்கும் இரண்டு கிரகங்களுக்கு நடுவே பல பாகை இடைவெளியை நியாயப்படுத்த முடியாது. வாக்கியத்தின் சனி பின்தங்கியிருக்கிறது.

எவ்வளவு பின்தங்கியிருக்கிறது? 2023 டிசம்பர் 20-இல் வாக்கியம் சனியைக் கும்பத்தின் வாசலில் நிறுத்தியபோது, லாஹிரிப்படி சனி கும்பத்தில் 8 பாகை கடந்திருந்தது. 2026 மார்ச் 6-க்கும் ஏறத்தாழ அதே கணக்கு. 8 பாகை என்பது 16 முழுநிலாக்களை வரிசையாக வைக்கிற அகலம்.

காரணம் அலட்சியமோ ஏமாற்றோ அல்ல. வாக்கியத்தின் வேர் ஆரியபட்டர் மரபு. 43,20,000 ஆண்டில் சனி 1,46,564 சுற்று என்பது அவர் தந்த எண். வகுத்தால் ஒரு சுற்றுக்கு 10,766 நாள் வரும். இன்றைய அளவு 10,759 நாள். வித்தியாசம் ஒரு சுற்றுக்கு 7 நாள்தான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொலைநோக்கி இல்லாத காலத்தில் கிடைத்த இந்த நுட்பத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வாழ்ந்த காலமாகிய கி.பி. 499 தொட்டு சனி 50 சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. அந்த ஏழேழு நாளும் சேர்ந்துகொண்டே வந்தன. மற்றச் சிறு காரணங்களும் கூடிக் கழிந்து இன்று 8 பாகையில் நிற்கிறது. திருத்தாமல் விட்டால் இன்னும் கூடும்.

ஏழரைச் சனி எப்போது முடியும் என்பதே பலருடைய கவலை. கிரகத்தின் இருப்பிடத்தைக் கணக்கிடுவது வானியல். அந்த இருப்பிடத்துக்குப் பலன் சொல்வது வானியலின் வேலை அல்ல. அப்படிப் பலன் உண்டு என்று எந்த அறிவியல் சோதனையும் நிறுவவில்லை. திருநள்ளாற்றுக்குப் போக விரும்புகிறவர் எந்தச் சனிக்கிழமையும் போகலாம். நளன் கதையும் சம்பந்தரின் பச்சைப் பதிகமும் அந்த ஊரின் பெருமை. அதற்குப் பெயர்ச்சித் தேதி தடையில்லை.

கேள்வி: திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாமே? நாசாவே ஒப்புக்கொண்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது.
– மயிலாடுதுறை வாசகி

பதில்: பொய். தாழ்சுற்றுப் பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர். அது கீழே விழாமல் இருப்பதே அந்த வேகத்தால்தான். நின்று மறுபடி புறப்படுவது என்றால் அந்த வேகத்தை முழுக்க இழந்து முழுக்கத் திரும்பப் பெற வேண்டும்; எந்தச் செயற்கைக்கோளிலும் அவ்வளவு எரிபொருள் கிடையாது. "நிலைத்து நிற்கும்" செயற்கைக்கோள்கள் உண்டு, ஆனால் அவை 35,786 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறோ வடக்கே 11 பாகை அருகில் இருக்கிறது.

சனியிலிருந்து கதிர் வந்து குறிப்பாக ஒரு கோயில் கோபுரத்தில் விழுகிறது என்பதும் அந்தச் செய்தியில் உண்டு. சனி நமக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 120 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அதன் ஒளி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு தூரத்திலிருந்து வருவது திருநள்ளாற்றில் விழுந்தால் காரைக்காலிலும் விழும், கராச்சியிலும் விழும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பாடப்பெற்ற தலத்துக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? இப்படிப்பட்ட செய்தியைப் பரப்புகிறவர் கோயிலுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார். படித்த பிள்ளை ஒருவன் இதைப் பொய் என்று கண்டுபிடிக்கும் நாளில், கோயில் பற்றிய மற்ற எல்லாவற்றையும் அதே கூடையில் போட்டுவிடுவான்.

கேள்வி: என் மகன் பொறியியல் படிக்கிறான். "வாக்கியப் பஞ்சாங்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டை ஒப்பிப்பது" என்கிறான். உண்மையில் அதை எப்படித்தான் கணிக்கிறார்கள்?
– காரைக்குடி வாசகி

பதில்: மகனிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவு, தொலைவில் மந்தம். தொலைவுப் புள்ளியான உச்சத்திலிருந்து மறுபடி உச்சத்துக்கு வர 27.5546 நாள். இதை ஒன்பதால் பெருக்கினால் 247.99, கிட்டத்தட்ட முழு 248. ஆகவே 248 நாளுக்கு நிலாவின் நிலையை ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டால், அதே ஓட்டம் மறுபடி மறுபடி வரும். அந்த 248 நிலைகள்தான் வரருசி என்ற பழங்காலக் கணியர் பெயரில் வழங்கும் 248 வாக்கியங்கள். மிச்சமிருக்கும் சிறு பிசகைத் தின்ன இன்னும் இரண்டு பெரிய சுற்றுகள் உண்டு: 3,031 நாள், அதாவது 110 உச்சச் சுற்று, 12,372 நாள், அதாவது 449 உச்சச் சுற்று.

2025 ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்வோம். கலியுகம் தொடங்கி அன்றுவரை 18,72,211 நாள். சரிபார்க்க ஒரு வழி: கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை. 7-ஆல் வகுத்தால் மீதி 5. வெள்ளியிலிருந்து ஐந்தாவது நாள் புதன், அன்று புதன்கிழமைதான். கணக்கு சரி.

இதில், வாக்கிய முறை தன் கணக்கின் தொடக்கமாக வைத்திருக்கும் நாளின் எண்ணான 16,00,984-ஐக் கழியுங்கள்: 2,71,227. இதை 12,372-ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 11,415. அதை 3,031-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2,322. அதை 248-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 90. தொண்ணூறாவது வாக்கியத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஈவுக்கும் ஒரு துருவம், அதாவது கூட்ட வேண்டிய பாகை உண்டு. 248 நாள் சுற்று ஒன்றுக்கு 27 பாகை 44 கலை. துருவங்களையும் வாக்கியத்தையும் கூட்டினால் அன்றைய உதய கால நிலா கிடைக்கும். பிறகு ஊருக்கும் பருவத்துக்கும் உரிய சிறு திருத்தங்கள். இடைவழியில் ஒரு கழித்தல் தவறினால் எல்லாம் தவறும் என்பதால்தான் கிழமையை வைத்து முதலிலேயே சரிபார்க்கச் சொன்னோம்.

வாக்கியம் எப்படி இருக்கும்? முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". வடமொழி எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறையில் க வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. கூட்டெழுத்தில் கடைசி மெய்தான் கணக்கு. 3, 0, 2, 1 என்று வருவதை வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 03 கலை. உச்சத்தைவிட்ட நிலா முதல் நாளில் ஓடும் தூரம் அது. 248 என்ற எண்ணுக்கே "தேவரம்" என்று பெயர். த-வின் வரிசையில் மூன்றாவதுக்கு 8, வ-வுக்கு 4, ர-வுக்கு 2.

இந்த முறையைப் புதுச்சேரிக்கு வந்த ஐரோப்பிய வானியலாளர்கள் வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். 1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரித் தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, எழுதாமலேயே, மனப்பாட அட்டவணையைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்துப் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்துக்குக் கிடைத்த விடையில் பிழை 4 நிமிடம்தான். நடுவுக்கு 23 நிமிடமும் முடிவுக்கு 52 நிமிடமும் பிசகின. உங்கள் மகன் தன் கைப்பேசியை மூடிவைத்துவிட்டு இதைச் செய்து காட்டட்டும்.

ஆனால் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. வாக்கியத்தைச் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தாமல் விட்டார்கள். கணிதத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதே நம் மரபு. 683-இல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற திருத்தத்தைச் செய்தார். கேரளத்தின் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து 1431-இல் திருக்கணிதம் என்ற நூலை எழுதினார். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டு, நம் பஞ்சாங்கங்களைத் திருத்துங்கள் என்று எழுதியும் பேசியும் வந்தார். இவர்கள் யாரும் மதத்துக்கு எதிரானவர்கள் அல்லர். சடங்கு சரியான நேரத்தில் நடக்க வேண்டும் என்ற அக்கறையால்தான் வானத்தைப் பார்த்தார்கள். திருக்கணிதத்தை "வெள்ளைக்காரன் கணக்கு" என்று ஒதுக்குகிறவர்கள் பரமேசுவரரை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அமாவாசையும் பௌர்ணமியும் இரண்டு பஞ்சாங்கத்திலும் அநேகமாக ஒத்துப்போகின்றன. கோகுலாஷ்டமி மட்டும் அடிக்கடி இரண்டு நாளாகிறது. ஏன்? அப்பாவின் திதியும் அஷ்டமிதான்.
– சேலம் வாசகர்

பதில்: கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் உள்ள இடைவெளியை 12 பாகை வீதம் வெட்டிய துண்டு. வாக்கியத்தில் நிலாவின் வேக மாறுதலுக்கு ஒரே ஒரு திருத்தம்தான், அதிகபட்சம் சுமார் 5 பாகை. உண்மையில் திருத்தங்கள் பல. முதலாவது 6.3 பாகை வரை போகும். சூரியனின் ஈர்ப்பால் வரும் இரண்டாவது 1.3 பாகை வரை. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டாவது முதலாவதற்கு எதிராக நின்று 5 ஆகக் குறைக்கிறது. பழைய கணியர்கள் கிரகணத்தைப் பார்த்தே எண்களைச் செப்பனிட்டார்கள், கிரகணம் அந்த இரண்டு நாளில்தான் வரும். ஆகவே அவர்களுக்குக் கிடைத்த 5 அந்த நாட்களுக்கு மிகச் சரி. அஷ்டமியிலோ இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து 7.5 வரை போகும். வித்தியாசம் இரண்டரைப் பாகை. நேரத்தில் ஐந்து மணி வரை.

வாக்கியக்காரர்கள் திதிக்கு 54 முதல் 65 நாழிகை (நாழிகை 24 நிமிடம்) என்று வரம்பு சொல்வதும் இதனால்தான். திருக்கணிதத்தில் 50 நாழிகைத் திதியும் உண்டு, 67 நாழிகைத் திதியும் உண்டு.

சிராத்தத்துக்கு அபராண்ணத்தில் திதி இருக்க வேண்டும். பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கு அது. 6 மணிக்கு 6 மணி பகலானால் 1.12 முதல் 3.36 வரை. ஐந்து மணி நேரம் பிசகினால் நாளே மாறிவிடும். எது சரி என்பதைவிட முக்கியமானது, கலக்காமல் இருப்பது. அப்பா காலமான திதியை வாக்கியத்தில் பார்த்துக் குறித்துவிட்டு, ஆண்டுதோறும் நாளைத் திருக்கணிதத்தில் தேடுகிறவர்கள் நிறைய. காலமான நேரம் திதியின் எல்லைக்கு அருகில் இருந்தால், திதியே ஒன்றில் சப்தமி, மற்றதில் அஷ்டமி. காலமான தேதி, கடிகார நேரம், ஊர் மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் பின்பற்றும் பஞ்சாங்கத்திலேயே அந்தத் திதியையும் கணித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் வெவ்வேறு ஊரில் செய்தாலும் ஒரே பஞ்சாங்கம் என்று பேசி முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஊரில் நாளை ஏகாதசி என்கிறார்கள். நாங்களும் நாளையே விரதம் இருக்கலாமா? வாக்கியப் பஞ்சாங்கத்தில் "ஏகாதசி 3-20" என்று மட்டும் போட்டிருக்கிறது.
– டொராண்டோ வாசகி

பதில்: திதி முடிவது உலகத்துக்கே ஒரே கணம். சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. முதலில் 3-20-ஐக் கடிகார நேரமாக்குங்கள். அது பஞ்சாங்க ஊரில் உதயத்திலிருந்து 3 நாழிகை 20 விநாடி. நாழிகை 24 நிமிடம், நாழிகைக் கணக்கில் விநாடி என்பது நம் 24 நொடி. 72 நிமிடமும் 8 நிமிடமும் சேர்ந்து 80 நிமிடம். சென்னையில் உதயம் 5.50 என்றால் 7.10-க்கு ஏகாதசி முடிகிறது.

அது 25-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். கோடையில் டொராண்டோ இந்தியாவுக்கு ஒன்பதரை மணி பின்னால். அங்கே 24-ஆம் தேதி இரவு 9.40-க்கே ஏகாதசி முடிந்துவிடும். சென்னையில் 25-ஆம் தேதி உதயத்தில் ஏகாதசி இருக்கிறது, விரதம் 25. உங்களுக்கு 24-ஆம் தேதி உதயத்தில்தான் இருக்கிறது, விரதம் 24. வைணவ முறையில் உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பே தசமி போயிருக்க வேண்டும். அதையும் உங்கள் ஊர் உதயத்தை வைத்தே பாருங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. 3-20-ஐ டொராண்டோ உதயத்தோடு கூட்டிவிடுவது ஒன்று. நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பியபின் வித்தியாசம் பத்தரை மணியாவதை மறப்பது மற்றொன்று. தமிழ்நாட்டுக்குள்ளும் கொஞ்சம் உண்டு: சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 3 பாகைக்கு மேல், நேரத்தில் 13 நிமிடம்.

கேள்வி: கிரகணத்தின்போது சமைத்த உணவு விஷமாகும், கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, உலக்கை தட்டில் நிற்கும் என்கிறார்கள். இவற்றில் அறிவியல் உண்டா? பாட்டி மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கிரகணம் நிழல். நிலாவின் நிழல் நம்மேல் விழுந்தால் சூரிய கிரகணம், பூமியின் நிழல் நிலாமேல் விழுந்தால் சந்திர கிரகணம். இதை ஆரியபட்டரே நேரடியாகச் சொல்லியிருக்கிறார். ராகு கேது என்று கணிதத்தில் வருவது, 5 பாகை சாய்ந்த நிலாப்பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். நிழல் விழும்போது புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை.

உணவைப் பொறுத்தவரை நேரமும் சூடும்தான் காரணம். 2025 செப்டம்பர் 7 இரவு கிரகணம் 9.57-க்குத் தொடங்கி 1.26-க்கு முடிந்தது. மாலை வடித்த சோற்றை நம் ஊர் வெக்கையில் அவ்வளவு நேரம் வெளியே வைத்தால் எந்த இரவிலும் கெடத்தான் செய்யும். தர்ப்பை போட்டாலும் போடாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே காப்பு. பாட்டி தர்ப்பையும் போடட்டும். அதில் கேடு இல்லை.

கர்ப்பிணிக்குக் கிரகணத்தால் ஆபத்து இல்லை, தண்ணீர்கூடக் குடிக்காமல் பல மணி நேரம் கிடப்பதால் உண்டு. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்களுக்கும் அப்படியே. பாட்டியிடம் சொல்ல நல்ல வழி இது: தர்ம சாஸ்திரமே பாலர், விருத்தர், நோயாளிகளுக்குக் கிரகண உபவாசத்தில் தளர்வு தந்திருக்கிறது.

உலக்கைக்கு வருவோம். நாலடி உலக்கையின் அடிப்பூண் ஆறு சென்டிமீட்டர் அகலம், தட்டையாகத் தேய்ந்தது என்றால், அது செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட 3 பாகை வரை சாய்ந்தாலும் விழாது. பொறுமையாக வைத்தால் நிற்கும். கிரகணம் இல்லாத நாளில் அதே தட்டில், அதே தண்ணீரில் பாட்டியையே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கவில்லையென்றால் தரை மட்டத்தைப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: கண். சூரிய கிரகணத்தை நேரே பார்த்தால் விழித்திரை வலியில்லாமலே வெந்துவிடும். எக்ஸ்ரே பிலிம், புகையேற்றிய கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. மஞ்சள் நீர்த் தாம்பாளத்தில் பார்ப்பதும் கூடாது. நீர்ப்பரப்பு ஒளியில் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, பாதுகாப்பான கிரகணக் கண்ணாடியோ லட்சத்தில் 3 பங்குக்குச் சற்று மேல்கூட விடாது. ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை உள்ள கண்ணாடி, அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. கையில் ஒன்றுமில்லையென்றால் அட்டையில் 2 மில்லிமீட்டர் துளையிட்டுச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் பிம்பத்தை விழச் செய்யுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் பிறை தெரியும். 2031 மே 21-இல் தென் தமிழகத்திலும் கேரளத்திலும் கங்கண கிரகணம் வருகிறது. பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவைக்காதீர்கள்.

கேள்வி: பொங்கல் ஏன் சில ஆண்டு ஜனவரி 15-இல் வருகிறது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: தமிழ் ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. ஆகவே சூரியன் மகரத்தில் நுழையும் சங்கராந்தி ஆண்டுக்கு ஆறு மணி தள்ளும், லீப் ஆண்டு அதைப் பின்னுக்கு இழுக்கும். சூரியன் மறையுமுன் சங்கராந்தி வந்தால் அன்றே தை 1. மறைந்தபின் வந்தால் மறுநாள். 2024-இல் 15, 2025-இல் 14 ஆனது இதனால்தான். பருவங்களின் ஆண்டைவிட நம் ஆண்டு சுமார் 24 நிமிடம் நீளம் என்பதால் அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் மெல்ல நகரும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல்.

கேள்வி: பஞ்சாங்கம் சரியா என்று நானே வானத்தைப் பார்த்துச் சோதிக்க முடியுமா? தொலைநோக்கி இல்லை.
– பதினோராம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: முடியும். நிலாவின் பாதையை ஒட்டிப் பளிச்சென்ற நான்கு விண்மீன்கள் இருக்கின்றன: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. இவற்றுள் ஒன்றின் அருகே நிலா வரும் இரவைப் பஞ்சாங்கத்தில் தேர்ந்தெடு. அரைநிலா இருக்கும் இரவாக அமைந்தால் மிக நல்லது, வாக்கியமும் திருக்கணிதமும் அன்றுதான் அதிகம் விலகும்.

கையை முழுக்க நீட்டு. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை, நடு மூன்று விரல் 5, மடக்கிய கை 10. நிலாவுக்கும் விண்மீனுக்கும் இடைவெளியை அளந்து, கடிகார நேரத்தோடு குறித்துக்கொள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அள. நிலா தன் அகலத்துக்குக் கிழக்கே நகர்ந்திருக்கும். பஞ்சாங்கத்தில் அன்றைய நட்சத்திரம் முடியும் நேரம் இருக்கும். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. நிலா அதைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள். விகிதக் கணக்கால் நீ பார்த்த நேரத்தில் நிலா எந்தப் பாகையில் இருக்க வேண்டும் என்று இரண்டு பஞ்சாங்கத்துக்கும் கண்டுபிடி. லாஹிரிப்படி மகம் சிம்மத்தில் 6 பாகை, சித்திரை துலாத் தொடக்கம், ரோகிணி ரிஷபத்தில் 16 பாகைக்கு அருகில். இந்த விண்மீன் நிலையோடு உன் விரல் அளவைக் கூட்டு அல்லது கழி. எது நெருங்கி வருகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று இடத்தில் தவறும். நிலா அடிவானத்தில் இருக்கும்போது அளக்காதே. நாம் பூமியின் மையத்தில் இல்லாததால் ஒரு பாகை வரை இடம் மாறித் தெரியும், உச்சிக்கு அருகில் வரும்வரை காத்திரு. விண்மீனுக்கு வடக்கிலோ தெற்கிலோ நிலா போகும். கிழக்கு மேற்கு இடைவெளியை மட்டும் எடு. மூன்றாவது, கேட்டை. அந்தச் சிவப்பு விண்மீன் விருச்சிகத்தில் 16 பாகையைக்கூட எட்டவில்லை, பஞ்சாங்கத்தின் கேட்டைப் பகுதியோ 16 பாகை 40 கலையில்தான் தொடங்குகிறது. நிலா கேட்டை விண்மீனை உரசிக்கொண்டு நிற்கும்போது பஞ்சாங்கத்தில் அனுஷம் என்றே இருக்கும். அது பஞ்சாங்கப் பிழை அன்று. சம அளவாக 27 துண்டு போட்டதன் விளைவு. முதல் சோதனைக்கு மகத்தையோ சித்திரையையோ எடுத்துக்கொள். ஆறு மாதம் குறித்துவிட்டு அளவுகளை எங்களுக்கு அனுப்பு, நாங்களும் கணக்கிட்டுப் பார்க்கிறோம்.